யூனிஃபார்ம் சரியில்லாத ஜவானைப் பொது இடத்தில் பார்த்தால் கூப்பிட்டுச் சொல்லலாமா?

வேலூர்க்காரன்:
காட்பாடி ஸ்டேஷனில் போன வாரம் பார்த்தது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும் ஒரு பையன், புது டிஜிட்டல் காம்பாட் (உருமறைப்பு வடிவம் அச்சிட்ட ராணுவ உடுப்பு) போட்டிருக்கிறான். சட்டை வெளியே தொங்குகிறது, தொப்பியை மடித்துத் தோள்பட்டையில் செருகியிருக்கிறான், காலில் ரப்பர் செருப்பு. டீ வாங்கப் பெட்டியிலிருந்து இறங்கியவன் போல. பிளாட்பாரத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர், முன்னாள் ராணுவம் என்று மீசையைப் பார்த்தாலே தெரிந்தது, "ஏய் ஜவான், இதர் ஆவ்" (இங்கே வா) என்று ஆரம்பித்து அத்தனை பேர் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டுவிட்டார். பையன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை, அட்டென்ஷனில் நின்றான், கையில் டீ கப். சுற்றி நாலைந்து பேர் போனை எடுத்து வீடியோ. எங்கள் வீட்டிலும் அண்ணன் சர்வீசில் இருக்கிறார், அதனால் எனக்கு மனசு கேட்கவில்லை. ஓய்வு பெற்ற ஒருவருக்கு இப்படிக் கூப்பிட்டு நிறுத்திக் கண்டிக்க அதிகாரம் இருக்கிறதா? இல்லையென்றால் யாருக்குத்தான் இருக்கிறது?

பழைய ஹவில்தார்:
அதிகாரம் இருக்கிறதா என்று கேட்பதே தப்பு தம்பி. டர்ன் அவுட், அதாவது உடுப்பின் நேர்த்தி, என்று ஒன்று இருக்கிறது. ரெக்ரூட்டாக நீலகிரி வெலிங்டனில் பயிற்சியில் இருந்தபோது பெல்ட் பக்கிள் மங்கலாக இருந்ததற்காக முதுகில் பிட்டூ பையை மாட்டிக்கொண்டு மைதானத்தைச் சுற்றியவன் நான். அந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தால் நீ முனுசாமி மகன் கிடையாது, நீ பல்டன், மொத்தப் படைப்பிரிவு. ஊர்க்காரன் உன்னைப் பார்த்துத்தான் மொத்தப் படையையும் எடை போடுவான். போட்டால் முழுசாகப் போடு, இல்லையா, பேன்ட் சட்டையில் போ, யார் கேட்கப்போகிறார்கள்? ரப்பர் செருப்பும் காம்பாட்டும் சேர்த்துப் போட்டவனைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போகச் சொல்கிறீர்களா? அந்தப் பெரியவர் செய்தது சரி. கொஞ்சம் சத்தம் அதிகம், அவ்வளவுதான்.

குன்னூர்க் குளிர்:
ராம் ராம் ஹவில்தார் சாப். செருப்பைப் பற்றி நீங்கள் சொல்வதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன், அதற்குச் சாக்கே கிடையாது. ஆனால் சட்டை வெளியே தொங்கியது தப்பில்லை. 2022 ஜனவரி 15, ராணுவ தின அணிவகுப்பில் காட்டிய புது காம்பாட் யூனிஃபார்மில் சட்டையை உள்ளே விட வேண்டாம். அதன் வெட்டே அப்படி, பெல்ட் சட்டைக்குள்ளே போய்விடும். நம் காலத்தில் சட்டையை இறுக்கி உள்ளே விட்டு மேலே பெல்ட் போட்டோம். அதே கண்ணோடு பார்த்தால் இன்றைய ஜவான் எல்லோருமே ஒழுங்கில்லாதவனாகத்தான் தெரிவான். இன்னொன்று, 2023 ஆகஸ்டிலிருந்து பிரிகேடியரும் அதற்கு மேலே உள்ளவர்களும் எந்த ரெஜிமென்டிலிருந்து வந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி யூனிஃபார்ம், லேன்யார்டு (தோளில் மாட்டும் பின்னல் கயிறு) கிடையாது. இது தெரியாமல் கேன்டீன் வரிசையில் ஒருவர் "என்ன சார், லேன்யார்டு இல்லாமல் பிரிகேடியரா, டூப்ளிகேட்டா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்ததை நானே கேட்டேன். திருத்தப் போகிறவருக்கு இன்றைய டிரஸ் ரெகுலேஷன் தெரிந்திருக்க வேண்டுமா இல்லையா?

பழைய ஹவில்தார்:
சட்டை வெட்டு மாறியிருக்கலாம். தொப்பி? பெரெட்டை வெளியில் நடக்கும்போது தலையில் போடாமல் தோள்பட்டையில் செருகச் சொல்லி எந்தப் புது ரெகுலேஷனில் எழுதியிருக்கிறது? பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே, மடிப்பு வலது பக்கம் இறங்கி, காதைத் தொட்டும் தொடாமலும். அதற்கு வெந்நீரில் முக்கித் தலையிலேயே காய வைத்து வடிவம் எடுப்போம். இப்போது பாதிப் பேர் தலையில் தோசையைக் கவிழ்த்த மாதிரி இருக்கிறது.

ஃபவுஜி மனைவி:
எல்லாம் சரி ஐயா. அந்தப் பையன் எங்கிருந்து வந்தான் என்று யாராவது கேட்டீர்களா? ஜம்முவிலிருந்து சென்னைக்கு இரண்டு ராத்திரிக்கு மேல் ஆகும். லீவு கடைசி நேரத்தில்தான் கையெழுத்தாகும், ரயில் டிக்கெட்டுக்காக ராணுவம் கொடுக்கும் வாரண்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், டிக்கெட் கன்ஃபர்ம் ஆகாமல் கதவுப் பக்கம் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து வருவார்கள். பூட்ஸைக் கழற்றிப் பெர்த்துக்கு அடியில் வைத்திருப்பான், டீக்கு ஐந்து நிமிடம் இறங்கியிருப்பான். என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் யூனிஃபார்மில் பயணமே செய்வதில்லை, பாதுகாப்புக்காக சிவிலில் போகும்படி யூனிட்டிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். அதனால் அந்தப் பையனிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி "ஏன் தம்பி யூனிஃபார்மில் டிராவல் பண்றே"தான், செருப்பு அப்புறம். இதையும் பக்கத்தில் போய்க் காதோடு கேட்டிருக்கலாம். அவனை அட்டென்ஷனில் நிறுத்தி வேடிக்கை காட்டியதில் உடுப்புக்கு என்ன மரியாதை கூடிவிட்டது? வீடியோ எடுத்தவர்கள் அதற்கு என்ன பாட்டுப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

சட்டப்புள்ளி:
வேலூர்க்காரன் கேட்டது அதிகாரத்தைப் பற்றி, அதற்கு நேர் பதில். சர்வீசில் இருப்பவர் மீது ராணுவச் சட்டம், 1950 செல்லும். யூனிஃபார்ம் ஒழுங்கில்லாமல் போனது பெரும்பாலும் பிரிவு 63, அதாவது நல்லொழுங்குக்கும் கட்டுப்பாட்டுக்கும் பங்கம் என்ற பொதுப் பிரிவில்தான் வரும். அதை எடுக்கக் கூடியவர்கள் அவருடைய மேலதிகாரிகள். பொது இடத்தில் நிறுத்திக் கேட்க முடிந்தவர்கள் மிலிட்டரி போலீஸ், சிவப்பு பெரெட் போட்டிருப்பார்களே, அவர்கள். சர்வீசில் இருக்கும் சீனியரும் சொல்லலாம். ஓய்வு பெற்றவர் சட்டத்தின் கண்ணில் ஒரு குடிமகன். சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றாலும் கர்னலாக ஓய்வு பெற்றாலும் கட்டளையிடும் அதிகாரம் அன்றைக்கே முடிந்தது. சொல்லலாம், வேண்டுகோளாக. நிறுத்தி வைக்கவோ, அடையாள அட்டையைப் பிடுங்கவோ, படம் எடுத்துப் போடவோ முடியாது. காட்பாடியில் அந்தப் பையன் "உங்களுக்கு என்ன உரிமை" என்று கேட்டிருந்தால் பெரியவரிடம் பதில் இருந்திருக்காது. கேட்கவில்லை, அது அவனுடைய வளர்ப்பு.

பழைய ஹவில்தார்:
வளர்ப்பு இல்லை சார், டிரெய்னிங்.

டெக்சாஸ் தமிழன்:
அமெரிக்க ராணுவத்தில் சில வருடங்கள் இருந்தவன் நான், மவ்னி திட்டத்தில் (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டவரைப் படையில் சேர்த்த திட்டம்) சேர்ந்தேன் (தமிழும் அந்தத் திட்டத்தின் மொழிப் பட்டியலில் இருந்தது, தெரியாதவர்களுக்காக). அங்கே உடனுக்குடன் திருத்துவது சார்ஜென்டுக்கு விருப்ப வேலை இல்லை, கடமை. பார்த்தும் பார்க்காத மாதிரி போனால் "நீயே அந்தத் தரத்துக்குச் சம்மதம் சொல்லிவிட்டாய்" என்று அவரைத்தான் பிடிப்பார்கள். வெளியில் தலையில் தொப்பி இல்லையா, பாக்கெட்டில் கையா, யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து சொல்லிவிடுவார். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கும் சொல்லலாம். ஒரு கேப்டனின் காலர் மடங்கியிருந்தால் "சார், ஒரு நிமிடம்" என்று ஓரமாகக் கூப்பிட்டு ஒரு ஸ்பெஷலிஸ்ட் (சார்ஜென்டுக்கும் கீழே உள்ள ரேங்க்) சொல்வான், அவரும் "தேங்க்ஸ்" என்று சரி செய்துகொண்டு போவார். ஓரமாக, மெதுவாக, ஒரே வாக்கியத்தில். வால்மார்ட்டில் நின்று கத்துகிறவனை அவன் ரேங்க் எதுவாக இருந்தாலும் கோமாளியாகத்தான் பார்ப்பார்கள்.

ஆனால் அங்கேயும் ஒரு வியாதி இருக்கிறது. போலி வீரர்களைப் பிடிக்கிறேன் என்று கேமராவோடு திரிகிற கூட்டம். பதக்கம் வாங்கியதாகப் பொய் சொல்வதைக் குற்றமாக்கி 2006இல் ஒரு சட்டம் போட்டார்கள், 2012இல் உச்ச நீதிமன்றம் அதைப் பேச்சுரிமைக்கு விரோதம் என்று அடித்துவிட்டது. 2013இல் திருத்திக் கொண்டுவந்த சட்டத்தில் அப்படிப் பொய் சொல்லிப் பணமோ சலுகையோ வாங்கப் பார்த்தால்தான் குற்றம். அதற்குப் பிறகும் யூடியூபில் விசாரணை நடத்துகிறவர்கள் குறையவில்லை. மனநலம் சரியில்லாதவரையும், பழைய கோட்டை எங்கேயோ தானமாக வாங்கிப் போட்டுக்கொண்ட வீடில்லாதவரையும் பிடித்து நிறுத்தி ரேங்க் கேட்கிறார்கள்.

அடுக்குமாடிச் செயலாளர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் குடியிருப்பில் புது செக்யூரிட்டி ஏஜென்சி வந்திருக்கிறது. அவர்கள் ஆட்கள் பச்சைப் புள்ளி காம்பாட் மாதிரித் துணியில் யூனிஃபார்ம், சூப்பர்வைசர் தோளில் மூன்று நட்சத்திரம்! எங்கள் பி பிளாக்கில் ஒரு ரிட்டயர்டு கேப்டன் இருக்கிறார், அவர் தினமும் கேட்டில் சண்டை போடுகிறார். ஏஜென்சிக்காரரைக் கேட்டால் "எல்லா இடத்திலும் இப்படித்தான் சார், பார்த்தால் ஒரு பயம் இருக்கும்" என்கிறார். இது சரியா?

சட்டப்புள்ளி:
சரியே இல்லை. தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம், 2005, பிரிவு 21ஐப் பாருங்கள். தனியார் காவலரோ சூப்பர்வைசரோ ராணுவம், கடற்படை, விமானப்படை, போலீஸ் யூனிஃபார்மையோ அதைப் போலத் தோன்றும் உடையையோ அதன் அடையாளக் குறிகள் உள்ள உடையையோ போட்டால், போட்டவருக்கு மட்டுமில்லை, ஏஜென்சி நடத்துகிறவருக்கும் ஓராண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேப்டன் கேட்டில் நிற்கிற ஆளிடம் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை, அவன் கொடுத்ததைப் போட்டுக்கொள்கிறவன், யூனிஃபார்முக்கும் சேர்த்துச் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். சங்கத்தின் லெட்டர்ஹெட்டில் ஏஜென்சிக்கு ஒரு கடிதம் போடுங்கள், பிரிவு எண்ணைக் குறிப்பிடுங்கள். அடுத்த மாதம் நீலச் சட்டையில் வந்து நிற்பார்கள் பாருங்கள்.

மஞ்சள் சட்டை 7:
அப்போ தல போட்டா மட்டும் சரியா? 😀 அவரும் கிரிக்கெட்காரர்தானே.

குன்னூர்க் குளிர்:
வந்துட்டாங்கப்பா. தோனி டெரிடோரியல் ஆர்மியில் (பகுதி நேர ராணுவம்) கௌரவ லெப்டினன்ட் கர்னல், 2011இல் கொடுத்தது. 2015இல் ஆக்ராவில் ஐந்து தடவை பாராசூட்டில் குதித்துப் பாரா விங்ஸ் பேட்ஜும் வாங்கினார். 2018 ஏப்ரல் 2 அன்று பத்மபூஷண் வாங்க ராஷ்டிரபதி பவனுக்கு யூனிஃபார்மில் போனார், அணிநடையாகப் போய் சல்யூட் அடித்த விதத்தில் எங்கள் டிரில் உஸ்தாத்கள்கூடக் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. அது அவருக்கு உரிமையுள்ள உடை. 2019 உலகக் கோப்பையில் கையுறையில் பாரா சிறப்புப் படையின் பலிதான் சின்னம் வைத்து ஆடியபோது ஐசிசி எடுக்கச் சொன்னது வேறு கதை, அது விளையாட்டு உபகரணத்தில் என்னென்ன சின்னம் இருக்கலாம் என்ற விதி. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், பலிதான் ஸ்பெஷல் ஃபோர்ஸ்காரன் உயிரைக் கொடுத்து வாங்குகிற பேட்ஜ், அது மார்பில் இருக்க வேண்டும், கீப்பர் கிளவுஸில் இல்லை. தல ரசிகர்கள் அடிக்க வருவதற்குள் நான் கேன்டீனுக்குக் கிளம்புகிறேன்.

நடுவர்:
தோனி பற்றித் தனி இழை திறந்துகொள்ளுங்கள். இங்கே அடுத்த பதிவு வந்தால் நீக்கப்படும்.

பரங்கிமலை:
எல்லோரும் இரண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். ஒன்று, உண்மையான ஜவான், உடுப்பு ஒழுங்கில்லை. இன்னொன்று, ஜவானே இல்லாதவன், உடுப்பு மட்டும் கச்சிதம். முதலாவது ஒழுக்க விஷயம், இரண்டாவது பாதுகாப்பு விஷயம். 2015 ஜூலையில் தீனாநகரிலும் 2016 ஜனவரியில் பதான்கோட் விமானப்படைத் தளத்திலும் தாக்க வந்தவர்கள் ராணுவ உடை போட்டுத்தான் வந்தார்கள். பதான்கோட்டுக்குப் பிறகுதான் ராணுவம் பொதுமக்களைப் பார்த்து இந்த மாதிரி உடையைப் போடாதீர்கள், கடைக்காரர்களைப் பார்த்து விற்காதீர்கள் என்று வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. புது டிஜிட்டல் டிசைனை ராணுவத்தின் பெயரிலேயே பதிவு செய்து 2022 அக்டோபரில் காப்புரிமை அலுவலக இதழில் வெளியிட்டிருக்கிறார்கள். பழைய காம்பாட் துணி மூலைக்கு மூலை மீட்டர் கணக்கில் கிடைத்ததே, அந்த நிலை வரக்கூடாது என்பதற்காக. டில்லி கன்டோன்மென்ட் பக்கம் மிலிட்டரி போலீசும் டில்லி போலீசும் சேர்ந்தே கடை கடையாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

திருப்பூர்த் தறி:
சொன்னார்கள், ஆனால் அச்சு அசல் மாதிரி இல்லாமல் ரெண்டு கலரை மாற்றி டிஜிட்டல் பிரின்ட் போட்டால் எவன் கேட்பான் அண்ணா? ஆர்டர் வருகிறது, அடிக்கிறோம். சின்னப் பசங்கள் டிரௌசர் முதல் பைக் சீட் கவர் வரை. மீன் பிடிக்கப் போகிறவன், பெயின்ட் அடிக்கிறவன், கட்டட வேலைக்குப் போகிறவன் எல்லோரும் இந்த பேன்ட்தான். அழுக்குத் தெரியாது, ஆறு பாக்கெட். இவர்களையெல்லாம் நிறுத்தித் திருத்துவீர்களா?

சட்டப்புள்ளி:
வேண்டாம், சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. பழைய ஐபிசி 140, இப்போது 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 168. படைவீரராக இல்லாத ஒருவர், தன்னை அப்படி நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைவீரர் உடையைப் போன்றதைப் போட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அபராதம் முன்பு 500, இப்போது 2,000 ரூபாய் வரை. உயிர்நாடி அந்த "நோக்கத்தோடு". ஆறு பாக்கெட் பேன்ட்டும் கட்டம் போட்ட சட்டையும் போட்டு சிமென்ட் குழைக்கிறவரை யாரும் மேஜர் என்று நம்பப்போவதில்லை. பேட்ஜ், ரேங்க், பெயர்ப்பட்டை எல்லாம் வைத்துக்கொண்டு "நான் ஆர்மி, லோன் கொடு, பொண்ணு கொடு" என்று வருகிறவன்தான் இந்தப் பிரிவுக்குரியவன். தடை செய்யப்பட்ட இடத்துக்குள் நுழையவோ நாட்டுப் பாதுகாப்புக்கு எதிரான வேறு காரியத்துக்கோ போட்டிருந்தால் அலுவல் ரகசியச் சட்டம் பிரிவு 6 வரைக்கும் போகும்.

பரங்கிமலை:
அதனால்தான் சொல்கிறேன், சந்தேகமான ஆளை நீங்களே மடக்காதீர்கள். "பேட்டா, எந்த யூனிட்?" என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கலாம். உண்மையான ஜவான் பெரும்பாலும் யூனிட் விவரம் சொல்லத் தயங்குவான், சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவான், அப்படித்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. போலி ஆள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வான், சியாச்சின், கார்கில், கமாண்டோ என்று ஒரே மூச்சில். அப்படி உறுத்தினால் ஸ்டேஷனாக இருந்தால் ரயில்வே போலீஸ், சென்ட்ரல் மாதிரி பெரிய இடமென்றால் ராணுவத்தினர் பயணத்தைக் கவனிக்கும் எம்.சி.ஓ. ஆபீஸ், வேறு எங்கேயும் 112. வீடியோவெல்லாம் வேண்டாம். உண்மையான ஆளாக இருந்துவிட்டால் அவன் முகமும் யூனிட்டும் ஊரெல்லாம் போய்விடும்.

பழைய ஹவில்தார்:
வீடியோ என்றதும் ஞாபகம் வருகிறது. வெளியாட்கள் எடுப்பது இருக்கட்டும், இவர்களே எடுக்கிறார்களே ரீல்ஸ்! 2020 ஜூலையில் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை அழிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. ஆனாலும் யூனிஃபார்மில் இடுப்பை ஆட்டி ஆடுகிற வீடியோ வந்துகொண்டுதான் இருக்கிறது. பாதி போலி என்கிறார்கள், அப்படியே இருக்கட்டும், மீதிப் பாதி? செருப்பைவிட இது ஆயிரம் மடங்கு மோசம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இப்படிப் போட்டிருந்தான். நான் கமென்டில் எழுதவில்லை, அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை. போன் போட்டு "டேய், உன் பின்னால் சுவரில் யூனிட் போர்டு தெரிகிறது பார்" என்றேன். ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டான்.

ஃபவுஜி மனைவி:
பார்த்தீர்களா ஐயா, இவனுக்குப் போன், காட்பாடிப் பையனுக்கு மட்டும் பிளாட்பாரத்தில் பரேடா?

பழைய ஹவில்தார்:
இவன் நம்பர் என்னிடம் இருந்தது அம்மா. 🙂 ஆனால் காட்பாடியில் நானாக இருந்தாலும் சொல்லாமல் விட்டிருக்கமாட்டேன். பக்கத்தில் போய் "பூட்ஸ் எங்கே தம்பி, தொப்பியைத் தலையில் போடு, மிலிட்டரி போலீஸ் பார்த்தால் வம்பு" என்று சொல்லியிருப்பேன். டீக்கும் நானே காசு கொடுத்திருப்பேன்.

நெல்லைச் சீமை:
என் தங்கை என்.சி.சி. கேடட். கேம்ப் முடிந்து பஸ்ஸில் வரும்போது ஒரு அங்கிள், "பெல்ட் லூஸ், பேட்ஜ் கோணல், இப்படித்தான் ஆர்மியில் இருப்பீர்களா" என்று முழு பஸ்ஸுக்கும் கேட்கிற மாதிரி கிளாஸ் எடுத்திருக்கிறார். பத்து நாள் கேம்பில் தூக்கமில்லாமல் வருகிற பதினாறு வயசுப் பிள்ளை. அவள் ஆர்மியே இல்லை, காக்கி பார்த்துமா தெரியவில்லை? வீட்டுக்கு வந்து அழுதாள், யூனிஃபார்மைத் துவைத்து மடித்து வைத்தவள் அடுத்த பரேடுக்குப் போகமாட்டேன் என்று அடம். அவர்கள் ஏ.என்.ஓ. மேடம் (என்.சி.சி.க்குப் பொறுப்பான ஆசிரியை) வீட்டுக்கே வந்து பேசிய பிறகுதான் போனாள்.

குன்னூர்க் குளிர்:
கேடட்டைத் திருத்த வேண்டியது அவர்களுடைய ஏ.என்.ஓ., பயிற்சி தரும் பி.ஐ. ஸ்டாஃப். முன்னாள் ராணுவத்தார் பஸ்ஸில் என்.சி.சி. பிள்ளையைப் பார்த்தால் "எந்த பெட்டாலியன் பாப்பா, பி சர்டிபிகேட் எழுதிட்டியா" என்று கேட்டாலே போதும், பெல்ட்டை அவளே சரி செய்துகொள்வாள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப்., சில மாநில போலீஸ் பிரிவுகளும் காம்பாட் மாதிரித்தான் போடுகிறார்கள். 2020 பிப்ரவரி டில்லிக் கலவரத்தில் அப்படி உடை போட்ட போலீசாரைப் பார்த்துவிட்டு ராணுவத்தை இறக்கிவிட்டார்கள் என்று செய்தி பரவியது, நாங்கள் இறங்கவில்லை என்று ராணுவமே சொல்ல வேண்டி வந்தது. ஆகவே நீங்கள் "ஜவான், இதர் ஆவ்" என்று கூப்பிடுகிறவர் உங்கள் படையே இல்லாமல் இருக்கலாம்.

புதுக்கோட்டைப் பெண்:
இவ்வளவு தெரிந்தவர்கள் இருப்பதால் ஒன்று கேட்கிறேன். என் அப்பா சுபேதாராக ஓய்வு பெற்றவர், இரண்டு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். போர் நினைவிடத்தில் மரியாதை செய்யும் நிகழ்ச்சிக்கு அம்மாவையும் என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பாவின் பதக்கங்களை நான் குத்திக்கொண்டு போகலாமா? சொந்தக்காரர் ஒருவர் "உனக்கு என்ன தகுதி, யாராவது பிடித்துக் கேட்பார்கள்" என்கிறார்.

பழைய ஹவில்தார்:
தாராளமாகப் போடு மகளே. சம்பாதித்தவர் இடது மார்பில் போடுவார், குடும்பத்தார் வலது மார்பில் போட வேண்டும். சேலை என்றால் வலது பக்கம் பிளவுஸிலோ மேலே ஒரு கோட்டிலோ குத்திக்கொள். அவருடைய பெரெட்டையோ யூனிஃபார்மையோ மட்டும் போடாதே.

குன்னூர்க் குளிர்:
சாப் சொன்னது சரி. நினைவிடங்களில் அஞ்சலி செலுத்தும்போது நெருங்கிய உறவினர் சிவில் உடையில் வலது பக்கம் பதக்கம் அணிய ராணுவமே அனுமதித்திருக்கிறது. பதக்கங்களைக் கோத்திருக்கும் பார் தளர்ந்திருந்தால் முன்கூட்டியே தைக்கக் கொடுங்கள், பதக்கங்களின் வரிசையை மாற்றாமல் அப்பா வைத்திருந்தபடியே விடச் சொல்லுங்கள். ரிப்பன் வெளுத்திருந்தால் கன்டோன்மென்ட் பக்கம் உள்ள மிலிட்டரி டெய்லர் கடைகளில் புது ரிப்பன் கிடைக்கும்.

புதுக்கோட்டைப் பெண்:
நன்றி அங்கிள், நன்றி அண்ணா. ரிப்பன் நன்றாகவே இருக்கிறது, அம்மா அதைத் துணியில் சுற்றி நாப்தலின் போட்டு வைத்திருக்கிறார். பின் மட்டும்தான் துரு.

பழைய ஹவில்தார்:
பின்னை மாற்றிவிடு. பதக்கத்தை பிராஸ்ஸோ போட்டுத் தேய்த்துவிடாதே, எழுத்து போய்விடும்.